கூலியை நிறுத்தியவரை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவரைக் கேட்பதா?

சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் உணவு வங்கிக்கு ஏன் போக வேண்டும்? 2019 ஜனவரி 24 அன்று இந்தக் கேள்வியைத் தொலைக்காட்சியில் எழுப்பியவர் அமெரிக்காவின் அன்றைய வணிகத் துறை அமைச்சர் வில்பர் ராஸ். பட்ஜெட் ஒதுக்கீடு இல்லாமல் அரசு முடங்கி ஒரு மாதம் தாண்டியிருந்தது. எட்டு லட்சம் மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டாவது தவணைச் சம்பளமும் வராது என்பது உறுதியாகிவிட்ட நேரம். ஊழியர்கள் வீடற்றோர் விடுதிகளில் உணவு வாங்குவதாகச் செய்தி வருகிறதே என்று கேட்டபோது, ஏன் போகிறார்கள் என்று தனக்குப் புரியவில்லை என்றார் அவர். முடக்கம் முடிந்ததும் பணம் எப்படியும் வந்துவிடும், அதை நம்பி வங்கி கடன் கொடுக்குமே என்பது அவர் காட்டிய வழி.

ராஸ் பதவியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய கேள்வி மட்டும் போகவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசு மறுபடி முடங்கியது. அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு நீண்ட முடக்கம் அதுவரை நடந்ததில்லை. அப்போதும் இதே பேச்சு எழுந்தது. நம்மவர்களிடமும் இதற்கு எளிதில் ஆதரவு கிடைக்கிறது. அரசு வேலை என்றாலே ஆயுளுக்கும் கவலையில்லாத வேலை என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போனது.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய அரசு ஊழியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். முடக்க காலத்துச் சம்பளத்தைப் பிறகு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2019 ஜனவரியில் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே இது நட்டம் இல்லை, தாமதம் மட்டுமே. தாமதத்தைச் சேமிப்பைக் கொண்டோ கடனைக் கொண்டோ சமாளிக்கலாம். உணவு வங்கி ஏழைகளுக்காக இருப்பது, சம்பளக்காரர் எடுத்துப்போகும் ஒவ்வொரு பெட்டியும் ஓர் ஏழை வீட்டுக்குப் போகாத பெட்டி. இதே வாதத்துக்குக் கனிவான முகம் ஒன்றும் உண்டு: ஊழியர்கள் போகட்டும், வாங்கிக்கொள்ளட்டும், அதற்குத்தானே தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை என்பது. முதல் வாதம் ஊழியரைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது வாதம் அரசைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. இரண்டும் தவறு என்பது என் நிலை.

மறுப்புக்குப் போகுமுன் ஒன்று. முடக்கம் வெள்ளமோ நிலநடுக்கமோ அல்ல. நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்காத பணத்தை அரசுத் துறைகள் செலவழிக்கக் கூடாது என்ற சட்டத்தின் வேர் 1884இல் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக் காலம் பட்ஜெட் தாமதமானால் அலுவலகங்கள் சிக்கனமாக நடந்துகொண்டுதான் இருந்தன, கதவை மூடவில்லை. 1980லும் 1981லும் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி எழுதிய கருத்துரைகள்தான் அதை மாற்றின. பணம் ஒதுக்கப்படாவிட்டால் வேலையை நிறுத்து, மனித உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தரும் பணிகளை மட்டும் தொடரலாம் என்பது அவற்றின் சாரம். அன்றிலிருந்து முடக்கம் வந்தால் ஊழியர்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு பகுதி சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் வீட்டில் இருக்கிறது, மறு பகுதி சம்பளமில்லாமல் வேலை செய்கிறது. 2025இல் ஏறக்குறைய 6,70,000 பேர் முதல் வகை, 7,30,000 பேர் இரண்டாம் வகை. இவர்களில் ஒருவர்கூட முடக்கத்துக்கு ஓட்டுப் போட்டவர் அல்ல.

1. "பணம்தான் பிறகு வரப்போகிறதே."

வரும் என்ற வாக்குறுதியைக் கொண்டு கடையில் பால் வாங்க முடியாது. அமெரிக்க அரசு ஊழியருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். 2025 அக்டோபர் நடுவில் பலருக்கு வந்தது அரைகுறைச் சம்பளம், மாதக் கடைசியில் வந்தது வெறும் சுழியம் போட்ட சம்பளச் சீட்டு. வாடகை ஒன்றாம் தேதி கேட்கும். கார்க் கடன், காப்பீடு, மின்கட்டணம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் தனித்தனித் தேதி உண்டு, தப்பினால் தனித்தனி அபராதமும் உண்டு. குழந்தைக் காப்பகத்துக்குப் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். சம்பளமில்லாமல் வேலைக்கு வரச்சொல்லப்பட்டவருக்குக் காப்பகமும் வேண்டும், வண்டிக்குப் பெட்ரோலும் வேண்டும். வீட்டுச் செலவில் இன்றைக்கே குறைக்கக்கூடியதாக, தள்ளிப்போட்டால் அபராதம் விழாததாக, இருப்பது ஒன்றே ஒன்று: சாப்பாடு. வறுமை வந்த வீட்டில் முதலில் சுருங்குவது தட்டுதான், வாடகை அல்ல. உணவு வங்கியில் அரசு ஊழியர் வாங்கும் பெட்டி வயிற்றை மட்டும் நிரப்பவில்லை, மளிகைக்குப் போயிருக்க வேண்டிய பணத்தை வாடகைக்கு விடுவிக்கிறது. வரிசையில் நிற்பவர் இந்தக் கணக்கைத் தெளிவாகவே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சட்டம் பணம் எப்போது வரும் என்று சொல்லவில்லை, முடக்கம் தீர்ந்த பிறகு என்றுதான் சொல்கிறது. குறித்த நாளில் கூலி தராதது தொழிலாளர் சட்ட மீறல் என்று முந்தைய முடக்கங்களை வைத்து ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். 2022இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவலோஸ் வழக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பணம் ஒதுக்கப்படாத காலத்தில் அரசு கூலியைத் தாமதித்தால் அது மீறலாகாது என்பது தீர்ப்பு. இதே காரியத்தைத் தனியார் முதலாளி செய்திருந்தால் தண்டனை உண்டு. இதற்கு மேல் 2025 அக்டோபரில், வீட்டில் இருக்கவைக்கப்பட்டவர்களுக்கு நிலுவைச் சம்பளம் தானாகக் கிடைக்காது என்று வாதிக்கும் வரைவுக் குறிப்பு ஒன்று வெள்ளை மாளிகையிலிருந்தே வெளிவந்தது. முடிவில், முடக்கத்தை முடித்த நவம்பர் ஒப்பந்தத்தில் நிலுவை உறுதியானது. ஆனால் அக்டோபரில் பெட்டி வாங்க நின்றவருக்கு நவம்பரில் என்ன எழுதப்படும் என்று எப்படித் தெரியும்? தாமதம்தானே என்பவர்கள் அந்த நாட்களில் தங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

2. "கடன் வாங்கிக்கொள்ளலாமே."

உழைத்து முடித்த கூலிக்கு எதற்காகக் கடன் வாங்க வேண்டும்? இந்த யோசனையின் அடியில் இருக்கும் நியாயக்கேடு இதுதான். ஆலை முதலாளி ஒருவர் தறியை ஓட்டச் சொல்லிவிட்டு, கூலியை அடுத்த மாதம் பார்க்கலாம், அதுவரை வட்டிக்கு வாங்கிச் சாப்பிடு என்றால் அவரை நாம் என்ன சொல்வோம்? கடன்பட வேண்டிய கட்சி அரசு. அந்தக் கடனைத் தொழிலாளியின் தலையில், வட்டியோடு, மாற்றி வைக்கிறது இந்த யோசனை. ராஸ் பேசிய அதே வாரத்தில் அவருடைய துறை ஊழியர்களுக்கான கடன் சங்கமே அவசரக் கடனுக்குக் கிட்டத்தட்ட 9 விழுக்காடு வட்டி கேட்டது.

வட்டியில்லாமல் கொடுத்த சங்கங்களும் இருந்தன, மறைக்கவில்லை. கடற்படையினருக்கான பெரிய கடன் சங்கம் அப்படிக் கொடுத்தது. ஆனால் சம்பளம் ஏற்கெனவே அங்கே விழுந்துகொண்டிருக்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவருக்கு அந்தக் கதவு இல்லை.

கடனில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது, அரசு வேலையின் உள்விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிவது. பல லட்சம் பணியிடங்களுக்குப் பாதுகாப்பு அனுமதி தேவை. அந்த அனுமதியை மறுக்கவோ பறிக்கவோ காட்டப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று பணப் பிரச்சினை: கட்டாத கடன், தவறிய தவணை. அரசு சம்பளத்தை நிறுத்துகிறது, ஊழியர் தவணை தவறுகிறார், தவறியதை அதே அரசு அவருடைய நம்பகத்தன்மைக் குறைவாகப் பதிவு செய்ய இடமுண்டு. கடனுக்குப் பதில் ஒரு பெட்டி உருளைக்கிழங்கும் அரிசியும் வாங்கியவர் தன் வேலையைத்தான் காப்பாற்றிக்கொண்டார்.

அரசு தன் ஊழியர்களுக்கு எழுத்திலேயே கொடுத்த யோசனைகளையும் பார்ப்போம். ராஸ் பேசிய அதே முடக்கத்தின்போது, 2018 டிசம்பர் 27 அன்று, மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம், கடன்காரர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்ப மாதிரிக் கடிதங்களை வெளியிட்டது. வாடகையில் ஒரு பகுதிக்கு ஈடாக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன், தச்சு வேலை செய்கிறேன் என்று எழுதிக் கேட்கலாம் என்றிருந்தது அதில் ஒன்று. கடலோரக் காவல் படையினருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்புத்தாள், வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து விற்பது, பிள்ளை பார்த்துக்கொள்வது, அடுத்தவர் வீட்டு நாயை நடைக்குக் கூட்டிப்போவது என்று வழிகளை அடுக்கியது. திவால் மனு கடைசி வழி என்றும் சொல்லியிருந்தது. செய்தி வெளியானதும் அந்தத் தாள் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் படையில் சுமார் 42,000 பேர் பணியில் இருந்தார்கள். 2019 ஜனவரி 15 அன்று அவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ஆயுதப் படைப் பிரிவு ஒன்றுக்கு நிதி ஒதுக்கீடு இல்லாததால் சம்பளம் நின்றது அதுவே முதல் முறை. கடலில் மூழ்குகிறவரை இழுத்துப் போடும் வேலையில் இருப்பவரிடம் நாய் மேய்க்கச் சொல்வது அரசுக்குக் கௌரவமாகப் படுகிறது, அவர் உணவு வங்கிக்குப் போவது மட்டும் புரியாமல் போகிறதா?

3. "ஒரு லட்சம் டாலர் சம்பளத்தில் சேமிப்பு இல்லையா?"

சராசரி யாருடைய சமையலறையிலும் இல்லை. அந்த எண்ணுக்குள் விஞ்ஞானியும் வழக்கறிஞரும் மருத்துவரும் இருக்கிறார்கள், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பவரும் சிறைக் காவலரும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக் குமாஸ்தாவும் இருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாஷிங்டன் வட்டாரத்துக்கு வெளியே வேலை செய்பவர்கள். எதிர்பாராத 400 டாலர் செலவைக் கையிருப்பைக் கொண்டு முழுதாகச் சமாளிக்க முடியாதவர்கள் அமெரிக்க வயதுவந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று அந்நாட்டு மத்திய வங்கியின் ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அரசு ஊழியர் அந்தச் சமுதாயத்துக்குள்தான் வாழ்கிறார், அதே வாடகைக்கும் அதே மருத்துவக் கட்டணத்துக்கும். நோய்க்கும் வேலையிழப்புக்கும் சேமித்துவை என்று சொல்லலாம். முதலாளியே கூலியை நிறுத்துவார் என்று எதிர்பார்த்துச் சேமி என்று ஒருவரிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

4. "வேறு வேலை பார்க்கலாமே."

கைகளைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்கிறார்கள். சம்பளமில்லாமல் வேலைக்கு வரச்சொல்லப்பட்டவர் வராமலிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை. வேலைநிறுத்தம் செய்ய மத்திய அரசு ஊழியருக்குச் சட்டப்படி உரிமை இல்லை. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் 11,000க்கு மேற்பட்டோரை அன்றைய அதிபர் ரேகன் வேலைநீக்கம் செய்தார், அந்த நினைவு இன்றும் அந்தத் தொழிலில் உயிரோடு இருக்கிறது. வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்கலாமா என்றால், வேலை செய்துகொண்டிருப்பவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார் என்று பொதுவாக மறுக்கப்படுகிறார். வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும், நிலுவை வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். பக்க வேலை பார்க்கப் பல துறைகளில் முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வழங்க வேண்டிய அலுவலரும் கட்டாய விடுப்பில் இருந்தால் என்ன செய்வது?

கட்டுப்பாட்டாளர்கள் சிலர் பகலில் விமானங்களை இறக்கிவிட்டு இரவில் வாடகைக் கார் ஓட்டினார்கள், உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இது ஊழியர் சங்கம் மட்டும் சொன்ன குறை அல்ல, 2025இல் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஷான் டஃபியே இரண்டாவது வேலை தேடும் கட்டுப்பாட்டாளர்களைப் பற்றிப் பேசினார். தூக்கமில்லாத கண்கள் ரேடார் திரையைப் பார்ப்பதன் விளைவை ஊழியர் மட்டுமா அனுபவிப்பார்? நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. 4 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக 10 வரை போவதாகத் திட்டம். ஆள் பற்றாக்குறையில் பாதுகாப்பாக இயக்க முடியாது என்பதே காரணம். 2019லும் இதுவே நடந்தது. ஜனவரி 25 காலை நியூயார்க்கின் லாகார்டியாவில், கட்டுப்பாட்டாளர் வராத காரணத்தால் விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அன்று மாலையே 35 நாள் முடக்கம் முடிவுக்கு வந்தது. ஊழியரின் பட்டினிக்கு அசையாத தலைநகரம் பயணிகளின் எரிச்சலுக்கு அசைந்தது.

அந்த முடக்க நாட்களில் கட்டுப்பாட்டாளர் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்த தொண்டர்கள் வெறும் தருமம் செய்யவில்லை. ஒரு பொதுச் சேவை நின்றுபோகாமல் தாங்கிப் பிடித்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லாமல், வாங்கியவரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

5. "ஏழைக்கு உரியதை எடுத்துக்கொள்கிறார்கள்."

எல்லா வாதத்திலும் இதுதான் மனசாட்சியைத் தொடுவது, ஆகவே இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். உணவு வங்கி எப்படி நடக்கிறது என்று தெரியாமல் எழும் வாதம் இது. உணவு வங்கி என்பது கிடங்கு. விவசாயி, மொத்த வியாபாரி, பேரங்காடி, அரசு என்று பல இடத்திலிருந்து வரும் உணவை வாங்கி, பிரித்து, தேவாலயங்களும் பள்ளிகளும் சமூகக் கூடங்களும் நடத்தும் சிறிய வழங்கு மையங்களுக்கு அனுப்புகிறது. ஃபீடிங் அமெரிக்கா என்ற கூட்டமைப்பில் இப்படி 200க்கு மேற்பட்ட வங்கிகள் இருக்கின்றன. அரசு தரும் உணவுப் பொருட்களுக்கு வருமான வரம்பு உண்டு. தனியார் நன்கொடையாக வருவதை யாருக்குக் கொடுப்பது என்று வங்கியே தீர்மானிக்கலாம்.

முடக்க நாட்களில் வாஷிங்டன் வட்டாரத்தின் கேப்பிட்டல் ஏரியா உணவு வங்கி ஊழியர்களை வழக்கமான மையங்களின் வரிசையில் கொண்டுபோய்த் திணிக்கவில்லை. 2019 ஜனவரியில் ஜயண்ட் பேரங்காடிகளின் வாகன நிறுத்துமிடங்களில் தனிச் சந்தை போட்டது. 2025லும் ஊழியர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் தனி இடம், தனி நேரம் ஒதுக்கியது. வருகிறவர் அரசு அடையாள அட்டையைக் காட்டினால் போதும். காலையிலேயே கார்கள் வரிசைகட்டும், பலர் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தும் வருவார்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆப்பிள், தகர டப்பாவில் பயறு, அரிசி, பாஸ்தா. அலுவலக வாசலில் கதவைத் திறந்த அதே அட்டையைத்தான் அவர்கள் அங்கே நீட்டுகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் பசி இல்லை, இப்படிக் கேள்வி கேட்கும் குரல்கள்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. உலகின் முதல் உணவு வங்கி 1967இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கிய ஜான் வான் ஹெங்கல் ஒரு இலவச உணவுக்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தவர். பேரங்காடியின் குப்பைத் தொட்டியிலிருந்து பிள்ளைகளுக்கு உணவு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு தாய்தான் அவருக்கு யோசனை கொடுத்தார்: பணத்தைப் போட்டு எடுப்பதற்கு இடம் இருப்பதுபோல் உணவைப் போட்டு எடுப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று. இருக்கும்போது போடு, இல்லாதபோது எடு. நிரந்தர ஏழை என்று ஒரு சாதியைக் குறித்துவைத்து அவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய ஏற்பாடு இல்லை அது.

அந்தக் கணக்கிலும் அரசு ஊழியர் வெறுங்கையோடு வந்தவர் அல்ல. 2009இல் தொடங்கிய ஓர் உணவு சேகரிப்பு இயக்கம் இருக்கிறது, வேளாண் துறை அதைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தியது. மத்திய அரசு ஊழியர்கள் அலுவலகத்திலேயே உணவைச் சேர்த்து நாடெங்கும் உள்ள உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும் இயக்கம் அது. ஃபெட்ஸ் ஃபீட் ஃபேமிலீஸ் என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் போட்டவர்கள், அரசு கூலியை நிறுத்தியபோது, எடுத்தார்கள். இதில் எங்கே இருக்கிறது பறிப்பு?

ஏழையின் பங்கு குறைந்தது உண்மைதான். ஆனால் குறைத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். 2025 வசந்தத்தில், முடக்கத்துக்கு அரை ஆண்டுக்கு முன்பே, உணவு வங்கிகளுக்கு வர வேண்டிய 50 கோடி டாலர் மதிப்புள்ள உணவை வேளாண் துறை நிறுத்தியது. உள்ளூர் விவசாயிகளிடம் வாங்கி உணவு வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்கும் இரண்டு திட்டங்களையும் ரத்து செய்தது, அவற்றின் மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். லாரி லாரியாக நின்றுபோனதைப் பேசாமல், ஒரு விமான நிலையச் சோதனையாளர் எடுத்துப்போன வெங்காயத்தைக் கணக்குப் பார்ப்பவர்களின் அக்கறை ஏழையின் மேல் இருப்பதாக நான் நம்பவில்லை.

6. "தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும்."

பார்த்துக்கொள்ள முடியாது. இதைச் சொல்ல வேறு யாரும் வேண்டாம், உணவு வங்கிகளே சொல்கின்றன. ஃபீடிங் அமெரிக்காவின் கணக்குப்படி, தங்கள் வலையமைப்பு ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கும்போது ஸ்னாப் என்ற அரசு உணவு உதவித் திட்டம் ஒன்பது வேளை கொடுக்கிறது. 2025 முடக்கம் ஊழியர் சம்பளத்தோடு நிற்கவில்லை. நவம்பர் 1 முதல் ஸ்னாப் உதவியும் வராது என்று அக்டோபர் கடைசியில் வேளாண் துறை அறிவித்தது. அதை நம்பி இருந்தவர்கள் சுமார் 4.2 கோடிப் பேர், மாதச் செலவு 800 கோடி டாலருக்கு மேல். அவசர நிதியை எடுத்துக் கொடுங்கள் என்று ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் இரண்டு மத்திய நீதிபதிகள் அக்டோபர் 31 அன்று சொன்னார்கள். அரசு அதற்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் வரை போய் முழுத்தொகை கொடுப்பதை எதிர்த்தது. சில மாநிலங்கள் முழு உதவியை வழங்கிவிட்டபோது, கொடுத்ததைத் திரும்பப் பெறுங்கள் என்று உத்தரவு போயிற்று. சம்பளம் நின்ற ஊழியரும் உதவி நின்ற ஏழையும் ஒரே கிடங்கின் வாசலில் நின்ற வாரங்கள் அவை. ஒன்பது வேளையை விட்டுவிட்ட அரசின் இடத்தை ஒரு வேளை கொடுப்பவர் நிரப்ப வேண்டுமானால் அவர் பத்து மடங்கு பெருக வேண்டும், அதுவும் ஒரே வாரத்தில். எந்த நன்கொடையாளராலும் ஆகாத காரியம்.

பெரிய நன்கொடை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2025 அக்டோபரில் ஒரு கோடீஸ்வரர் படைவீரர் சம்பளத்துக்காக 13 கோடி டாலர் கொடுத்தார், பெரிய செய்தியானது. பணியில் உள்ள வீரர்கள் சுமார் 13 லட்சம் பேர். தலைக்கு 100 டாலர்.

கனிவான வாதத்தின் ஆபத்து இதில்தான் இருக்கிறது. 2019இல் சமையல் கலைஞர் ஹோசே ஆன்ட்ரேஸ் வாஷிங்டனில் பென்சில்வேனியா அவென்யூவில் ஊழியர்களுக்காக இலவச அடுப்பு மூட்டினார். வெள்ளை மாளிகைக்கும் காங்கிரஸ் கட்டடத்துக்கும் நடுவில், இரு தரப்பும் பார்க்கும்படி. நான் அவரை மதிக்கிறேன். ஆனால் அவருடைய தொண்டு அமைப்பு அதுவரை சமைத்தது பெரும்பாலும் புயலும் நிலநடுக்கமும் தாக்கிய ஊர்களில். உலகின் செல்வந்த நாட்டின் தலைநகரில் தன் அரசின் ஊழியருக்கே அதே அடுப்பு தேவைப்பட்டதைப் பார்த்து, நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் மகிழ்ந்து போகிறவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். தொண்டு எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு நாள் முடக்கத்தை இழுக்கலாம் என்று அரசியல்வாதி கணக்குப் போட்டால் அதைத் தடுப்பது எது? காங்கிரஸ் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர், முடக்க காலத்திலும் அது நிற்பதில்லை, அரசியலமைப்பே அதைக் காக்கிறது. பசிக்காதவர்கள் நடத்தும் பேச்சுவார்த்தைக்குக் கெடு வைப்பது யார்?

உணவு வங்கி கொடுக்கட்டும், ஊழியர் தலைநிமிர்ந்து வாங்கட்டும். அதே மூச்சில் அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதும் பேசப்படட்டும். வேலை வாங்கினால் குறித்த நாளில் கூலி, பட்ஜெட் தவறினால் பழைய ஒதுக்கீடு தானாகத் தொடர்வது, உணவு உதவியை முடக்கத்துக்கு வெளியே வைப்பது: மூன்றும் சட்டத்தால் ஆகக்கூடியவை. வேலை செய்பவருக்காவது சம்பளம் கொடுப்போம் என்ற மசோதா 2025 அக்டோபர் 23 அன்று செனட்டில் வாக்குக்கு வந்தது. யாருக்குச் சம்பளம் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அதிபர் கைக்குப் போகும் என்று எதிர்த்தரப்பு மறுத்தது, தேவையான 60 வாக்கு கிடைக்கவில்லை. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் சம்பளம் என்று எழுதினால் அச்சத்துக்கே இடமில்லை, அப்படி எழுதி நிறைவேற்ற இரண்டு கட்சிகளாலும் முடியவில்லை.

நிலுவைச் சம்பளம் என்ற பேச்சே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அரசுக் கட்டடங்களைத் துடைப்பவர்கள், இரவுக் காவல் பார்ப்பவர்கள், சிற்றுண்டிச்சாலையில் தட்டு கழுவுபவர்கள். ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைத் தொடவில்லை. இவர்களுக்கும் நிலுவை கொடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு மசோதா கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. பணம் பிறகு வரும் என்று ராஸ் சொன்னாரே, அந்தப் பணம் 35 நாள் முடக்கத்துக்காக இவர்களுக்கு வரவேயில்லை. 2025 நவம்பர் 13 அன்று அலுவலகங்கள் திறந்தபோது இவர்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஆறு வாரத்து வாடகை பாக்கி அப்படியே நிற்கும்போது, உணவு வங்கியில் இவர்களுடைய வரிசை முடக்கத்தோடு முடிந்துவிடுமா?